ஈரல் கணக்கு

தெரியாமல் செய்துவிட்டேன் என்று சொல்லிக்கொள்ள எனக்கு வழியில்லை. விலங்கியல் படித்தவன் நான். சுறாக்கள் எப்படி இனப்பெருக்கம் செய்கின்றன என்று தேர்வில் படம் வரைந்து பாகம் குறித்து நல்ல மதிப்பெண் வாங்கியவன். பிறகு கொச்சித் துறைமுகத்தில் ஆழ்கடல் சுறாவின் ஈரலை எடைபோட்டு வாங்கி, உருக்கி, எண்ணெயாக்கி விற்றுப் பிழைத்தேன். நன்றாகவே பிழைத்தேன். வீடு கட்டியதும் பிள்ளைகளைப் படிக்கவைத்ததும் அந்த எண்ணெயில்தான். அது கள்ளத்தொழில் கிடையாது. ரசீது போட்டு, வரி கட்டிச் செய்த வியாபாரம். நான் இங்கே சொல்லவருவது அந்த வியாபாரத்துக்குள் செய்த வேறொரு காரியம். இந்த மீனைப் பற்றி என்னை நம்பிக் கேட்டவர்கள் இருந்தார்கள். எனக்கு விடை தெரியும். தெரிந்தே பொய் சொன்னேன்.

கேட்டவர்கள் என் சொந்த ஊர்க்காரர்கள். கன்னியாகுமரி மாவட்டத்தின் மேற்குக் கோடியில் நீரோடியிலிருந்து இரயுமன்துறை வரை அடுத்தடுத்து எட்டுக் கடற்கரை ஊர்கள். வெளியூர்க்காரர்களுக்கு அது மொத்தமும் தூத்தூர்தான். ஊரில் படகு கட்ட இடம் போதாமல் கொச்சிக்கும் மங்களூருக்கும் போய்த் தங்கித் தொழில் செய்கிற ஜனம். தூண்டில் அவர்களுக்குக் கைவந்த வித்தை. சுறா பிடிப்பதில் இந்தியா முழுக்கப் பெயர் வாங்கியவர்கள். லட்சத்தீவைத் தாண்டி மாலத்தீவின் விளிம்பு வரை போவார்கள். இன்னும் தெற்கே போய் சாகோஸ் தீவுக் கடலில் பிரிட்டிஷ் கப்பலிடம் பிடிபட்டு, படகை இழந்து திரும்பியவர்களும் உண்டு. 2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் அடித்தபோது செய்தி எட்டாத தொலைவில் இருந்தவர்களில் இவர்கள் ஏராளம். எங்கள் ஊர்களில் அந்த நாளைப் பற்றிப் பேச்செடுத்தால் இன்றும் யாராவது ஒருவர் எழுந்து வெளியே போய்விடுவார்.

சுறா எண்ணெய் எங்களுக்குப் புதிதில்லை. இரண்டாம் உலகப்போரின்போது வெளிநாட்டு காட் மீன் எண்ணெய் வரத்து நின்றுபோக, அதற்குப் பதிலாக வைட்டமின் ஏ கிடைக்குமென்று இங்கே சுறா ஈரல் எண்ணெய் எடுக்கத் தொடங்கினார்கள். அப்போது நாங்கள் திருவிதாங்கூர். செயற்கை வைட்டமின் ஏ சந்தைக்கு வந்ததும் அந்த மவுசு போயிற்று. மிச்சம் மீதி எண்ணெய் மர வள்ளத்துக்குப் பூசப் பயன்பட்டது. அதெல்லாம் கரையை ஒட்டியும் மேல்தண்ணீரிலும் திரிகிற சுறாக்களின் எண்ணெய். என் காலத்தில் விலை ஏறியது வேறு எண்ணெய்க்கு. வேறு மீனின் எண்ணெய்க்கு.

விஞ்ஞானிகள் அந்தப் பேரினத்தைச் சென்ட்ரோபோரஸ் என்கிறார்கள். நாங்கள் எண்ணெய்ச் சுறா என்போம், வேறு மரியாதை எதுவும் கொடுத்ததில்லை. பெரிய இனத்தின் பெண் ஒன்றரை மீட்டரைத் தாண்டும். சிறிய இனங்கள் ஒரு மீட்டரோடு நின்றுவிடும். சாம்பல் கலந்த பழுப்பு நிறம். முதுகில் இரண்டு துடுப்பு, ஒவ்வொன்றின் முன்னாலும் ஒரு முள். கையுறை இல்லாமல் பிடித்தால் அந்த முள் ஒரு வாரம் நினைவிருக்கும். கண் உடம்புக்குப் பொருந்தாத அளவுக்குப் பெரிது, அசல் பச்சை. இரவில் தூண்டிலை ஏற்றும்போது டார்ச் வெளிச்சம் பட்டால் அந்தப் பச்சை அப்படியே திரும்பி நம் முகத்தில் அடிக்கும். விழித்திரைக்குப் பின்னால் ஒளியைத் திருப்புகிற ஓர் அடுக்கு இருக்கிறது. சூரியன் எட்டாத இடத்தில் கிடைக்கிற துளி வெளிச்சத்தையும் இரண்டு முறை பயன்படுத்திக்கொள்கிற ஏற்பாடு அது.

இது வாழ்வது 300 மீட்டரிலிருந்து 1,000 மீட்டருக்கும் கீழே வரை, கண்டச்சரிவில். சுறாவுக்குக் காற்றுப்பை கிடையாது. மேல்தண்ணீர்ச் சுறாக்கள் பல ஓயாமல் நீந்தித் தம்மைத் தாங்கிக்கொள்கின்றன. இரை அரிதான அந்த இருட்டில் அப்படி நீந்திக்கொண்டே இருந்தால் கட்டுப்படியாகாது. ஆகவே இந்த மீன் தன் உடல் எடையில் கால் பங்கு வரை ஈரலாக வளர்த்து வைத்திருக்கிறது. அந்த ஈரல் நிறைய எண்ணெய். அந்த எண்ணெயில் பெரும்பங்கு ஸ்குவாலீன். 1906-இல் ஜப்பானின் சுஜிமோட்டோ மிட்சுமாரு என்ற வேதியியலாளர் சுறா எண்ணெயில் கண்டெடுத்த பொருள். தண்ணீரைவிட நன்றாக லேசானது. 800 மீட்டரில் மேற்பரப்பைப்போல் 80 மடங்கு அழுத்தம் இருக்கும். காற்றாக இருந்தால் சுருங்கிப்போகும், எண்ணெய் சுருங்காது. அந்தச் சுறா துடுப்பை அதிகம் அசைக்காமலே ஏறாமல் இறங்காமல் நிற்கிறது. நான் வகுப்பில் படித்தபோது இதைப் படைப்பின் அழகு என்று நினைத்திருக்கிறேன். துறைமுகத்தில் அதே சங்கதி எனக்கு விலைப்பட்டியலாகிவிட்டது.

வாங்கும்போது நான் கையில் வைத்திருந்தது ஒரு ஹைட்ரோமீட்டர். உருக்கிய எண்ணெயில் அதை விட்டால், 0.92 பக்கத்தில் நின்றால் சாதாரண ஈரல் எண்ணெய். 0.87, 0.86 என்று காட்டினால் ஸ்குவாலீன் செறிந்தது. கண்ணாடிக் குழாய் எவ்வளவு ஆழமாக முழுகுகிறதோ எனக்கு அவ்வளவு பணம். ஈரலை நறுக்கிப் பேரலில் போட்டுக் காய்ச்சுகிற வாடை சட்டையில் ஏறினால் போகாது. என் மனைவி துணிகளைத் தனி வாளியில் ஊறவைப்பாள். எண்ணெய் மட்டும் பார்க்கத் தெளிந்து, அழகாக இருக்கும்.

அது எங்கே போயிற்று என்று கேட்டால் ஊரில் ஒரே பதில்தான் சொல்வேன்: மருந்துக்கு. முழுப்பொய் இல்லை. 1997-இல் இத்தாலியில் அனுமதி பெற்ற ஒரு ஃப்ளூ தடுப்பூசியில் ஸ்குவாலீன் கலந்த துணைப்பொருள் உண்டு. ஆனால் ஓர் ஊசிக்கு அது 10 மில்லிகிராம் அளவுதான். பேரல் பேரலாகப் போனது முகக்கிரீமுக்கும், லிப்ஸ்டிக்குக்கும், சர்வரோக நிவாரணி என்று விற்கப்பட்ட கேப்சூல்களுக்கும். எனக்கு மேலே இருந்த ஏற்றுமதிக்காரரின் சீட்டில் அது எழுதியிருக்கும், நான் பார்த்திருக்கிறேன். ஊரில் போய் "உயிர் காக்கிற மருந்து" என்றேன். கோயில் திருவிழாவுக்கு நன்கொடை கொடுக்கும்போதும் அதையே சொன்னேன். 2008-இல் யூனிலீவர், லோரியல் போன்ற பெரிய நிறுவனங்கள் சுறா எண்ணெயை விட்டுவிட்டு, ஆலிவ் போன்ற தாவரங்களிலிருந்து எடுப்பதற்கு மாறப்போவதாக அறிவித்த செய்தியைப் படித்தபோது எனக்கு வந்தது வெட்கமில்லை, எரிச்சல்.

இனி மாமாவின் கதை.

அம்மாவின் மூத்த சகோதரர். ஸ்ராங்கு, அதாவது படகை நடத்துகிறவர். கடலடியில் எந்த மேட்டில் எந்த ஆழத்தில் என்ன மீன் என்று தலைக்குள் வரைபடம் வைத்திருந்தவர். ஜிபிஎஸ் வந்த பிறகும் கருவியைத் தன் நினைவோடு ஒப்பிட்டுச் சரிபார்ப்பாரே தவிர மறுபக்கமாகச் செய்யமாட்டார். 2000-க்குப் பிறகு கொச்சிப் படகுகள் ஆழ்கடல் சுறாவுக்கென்றே தூண்டில் விடத் தொடங்கியபோது, முதலில் இறங்கியவர்களில் அவர் ஒருவர். இறக்கிவிட்டவன் நான். ஈரலுக்கு என்ன விலை கிடைக்கும் என்று அவருக்குக் கணக்குப் போட்டுக் காட்டியதும், முதல் பயணத்தின் ஐஸுக்கும் டீசலுக்கும் முன்பணம் கொடுத்ததும் நான். கிலோமீட்டர் கணக்கில் நீளும் முதன்மைக் கயிறு, அதிலிருந்து இறங்கும் கிளைக்கயிறுகள், ஒவ்வொன்றின் நுனியிலும் சாளையோ கணவாயோ கோர்த்த தூண்டில். இறக்கி, காத்திருந்து, ஏற்ற வேண்டும். காற்றுப்பை இல்லாததால் இந்தச் சுறா அத்தனை ஆழத்திலிருந்து வந்தும் வயிறு பிதுங்காமல், பெரும்பாலும் உயிரோடு வரும்.

ஒரு முறை படகு கரை சேர்ந்த காலையில் மாமா என்னைத் தனியே கூப்பிட்டார். பெரிய பெண் சுறா ஒன்றை அறுத்திருந்தார்கள். உள்ளே இரண்டே குட்டி. ஒவ்வொன்றின் வயிற்றிலும் தன் உடம்பைவிடப் பெரிய மஞ்சள்கருப் பை தொங்கிக்கொண்டிருந்தது. இந்த இனங்களின் முட்டை கோழிமுட்டையைவிடப் பெரிது. தாய்க்கும் குட்டிக்கும் இடையே தொப்புள்கொடி உறவு இல்லை. அந்த மஞ்சள்கருவைத் தின்றே குட்டி தாயின் வயிற்றுக்குள் வளர்ந்து முடிக்கவேண்டும். மாமாவுக்கு இது எதுவும் தெரியாது. ஆனால் எண்ணத் தெரியும்.

"நீ படிச்சவன்லா மக்கா," என்றார். "எந்தப் பெட்டையை அறுத்தாலும் ஒண்ணு இல்லைன்னா ரெண்டுதான் கெடக்கு. இந்த ஜாதி வருஷத்துக்கு எத்தன தடவ குட்டி போடும்?"

நான் படித்த புத்தகம் எனக்கு மறந்துவிடவில்லை. சிறிய இனங்களில் ஒரு ஈற்றுக்கு ஒன்று அல்லது இரண்டு. பெரிய இனங்களில் ஐந்தாறு வரை போகலாம். கருக்காலம் ஏறக்குறைய இரண்டு ஆண்டு. மத்தியதரைக் கடலில் ஆராய்ந்தவர்களின் கணக்குப்படி பெண் முதல் குட்டி ஈனவே பதினாறு வயது கடக்கவேண்டும். வாழ்நாள் முழுக்க ஈனுவது ஒரு டஜன் குட்டி இருந்தால் அதிகம். முதுகு முள்ளைக் குறுக்கே அறுத்து வளையங்களை எண்ணினால் வயது தெரியும். இந்தப் பேரினத்தில் 70 வயது வரை கணக்கிடப்பட்ட மீன்கள் உண்டு. நாங்கள் நின்ற தளத்தில் கிடந்த பெட்டைகளில் மாமாவின் வயதை ஒட்டியவை இருந்திருக்கக்கூடும்.

"எல்லாச் சுறாவும் போலத்தான் மாமா," என்றேன். "வருஷா வருஷம் போடும். கீழே ஆழத்துல கிடக்குறதுக்குக் கணக்கே கெடையாது. கடல் வத்தவா போவுது?"

"அப்பம் சரி," என்றார்.

அந்த மனிதர் முட்டையோடு ஏறிய சிங்கிறாலைத் திரும்பக் கடலில் விடுகிறவர். யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை, அவர் அப்பா செய்தார், இவர் செய்தார். உண்மையைச் சொல்லியிருந்தால் அவர் என்ன செய்திருப்பார் என்று எனக்குத் தெரியும். அந்தப் பெட்டைகள் கூடுகிற மேட்டைத் தவிர்த்திருப்பார், மற்ற ஸ்ராங்குகளிடம் சொல்லியிருப்பார், அவர் சொல்லுக்கு ஊரில் கனம் உண்டு. தெரிந்ததால்தான் சொல்லவில்லை. அன்றைக்கு என்னிடம் முன்பணம் வெளியே நின்றது, ஏற்றுமதிக்காரரிடம் இத்தனை பேரல் தருவதாக ஒப்புக்கொண்டிருந்தேன். இதைவிடப் பெரிய காரணம் எதுவும் கிடையாது. பின்னாளில் நான் எனக்குச் சொல்லிக்கொண்ட காரணங்கள்தான் பெரியவை.

அவற்றில் முதலாவது 2001. அந்த ஜூலையில் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் சுறா, திருக்கை இனங்கள் அத்தனையையும் ஒரே ஆணையில் தடை செய்தது. கடற்கரையில் யாரையும் கேட்கவில்லை. எந்தச் சுறா அழிகிறது, எது கருவாட்டுக் கூடையில் நூற்றுக்கணக்கில் வருகிறது என்ற பாகுபாடு எதுவும் அதில் இல்லை. எங்கள் ஊர்களில் அடுப்பு எரியாது என்ற நிலை. போராட்டம் நடந்தது; அந்த டிசம்பரிலேயே ஆணை பத்து இனங்களாகச் சுருங்கியது. அந்தத் தடை தவறு என்று அன்று பேசினேன், இன்றும் அதையே சொல்வேன். மேடையில் பேசியவர்களில் நானும் ஒருவன். விலங்கியல் படித்த பையன் நம் பக்கம் பேசுகிறான் என்று கைதட்டினார்கள்.

அந்தக் கைதட்டலை நான் முதலாக்கினேன். மாமா கேட்ட கேள்விக்கு என் பொய் எடுபட்டதற்கு அதுவே காரணம்: அதிகாரிகளை எதிர்த்து நின்றவன் நமக்குக் கெடுதல் சொல்வானா? பிற்பாடு யாராவது மீன் சின்னதாகிக்கொண்டு வருகிறது என்றால் நான் உடனே 2001-ஐ எடுத்து மேசையில் வைப்பேன். "வாயைத் திறந்தா மறுபடியும் தடை வரும். பேசாம தொழிலப் பாருங்க." வாயை மூடிக்கொள்வார்கள். ஏழையின் வயிற்றை முன்னே நிறுத்திவிட்டு அதன் பின்னால் நின்று லாபம் எண்ணுகிற வேலையை நிறையப் பெரிய மனிதர்கள் செய்கிறார்கள். நான் சிறிய அளவில் செய்தேன். படகுக்காரருக்கு ஈரலில் கிடைத்தது உபரி வருமானம். மாமாவின் வீட்டுக் கூரை அப்போதும் ஓடுதான். எனக்கு மாடி வந்துவிட்டது.

இன்னொரு சமாதானம், நான் வாங்காவிட்டால் வேறொருவன் வாங்குவான் என்பது. உண்மைதான். வேறு பலரும் வாங்கிக்கொண்டுதான் இருந்தார்கள். ஆனால் அந்த வேறொருவனிடம் மாமா குட்டிக் கணக்கு கேட்கவில்லை.

இதன் முடிவு என்னவென்று பார்க்கக் கற்பனை தேவையில்லை, பக்கத்திலேயே நடந்து முடிந்திருந்தது. மாலத்தீவில் 1980-இல் இதே சுறாவுக்கு, இதே எண்ணெய்க்காக மீன்பிடிப்பு தொடங்கியது. சில ஆண்டுகளில் உச்சம், பிறகு சரிவு, கடைசியில் அது தொழிலென்று சொல்ல ஒன்றுமில்லாமல் போனது. 2010-இல் அந்த நாடு சுறா மீன்பிடிப்பையே மொத்தமாகத் தடை செய்தது. கொச்சிச் சந்தையில் எண்ணெய் விலை ஏறியதே அங்கே வரத்துக் குறைந்ததால்தான் என்று பழைய வியாபாரி ஒருவர் என்னிடம் சிரித்துக்கொண்டே சொன்னார். நானும் சிரித்தேன். ஆஸ்திரேலியாவின் கதை அச்சில் இருந்தது. நியூ சவுத் வேல்ஸ் கரைக்கப்பால் கண்டச்சரிவில் கபாலா என்ற ஆய்வுக் கப்பல் 1976-77-இல் மடி இழுத்த அதே இடங்களில் 1996-97-இல் மறுபடி இழுத்தது. இந்தப் பேரினத்துச் சுறாக்கள் 99 விழுக்காட்டுக்கும் மேல் குறைந்திருந்தன. இருபது ஆண்டு என்பது இந்த மீனுக்கு ஒரு தலைமுறை. ஒரு தலைமுறைக்குள் அத்தனையும் போயிற்று. 2001-இல் வெளியான அந்த ஆய்வைப் பற்றி எனக்குச் சொன்னவர், நான் ஏமாற்றிய இன்னொருவர்.

அவர் ஓர் ஆய்வு மாணவர். எந்த நிறுவனம் என்று சொல்லப்போவதில்லை. விடியும் முன்னே அளவுகோலும் பிளாஸ்டிக் பையுமாகத் துறைமுகத்துக்கு வந்துவிடுவார். யாரும் ஏறெடுத்துப் பார்க்காத மீனை எல்லாம் புரட்டிப் புரட்டி அளப்பார், படம் எடுப்பார், வயிற்றைத் திறந்து பார்க்க அனுமதி கேட்பார். என்னிடம் விலங்கியல் பேசலாம் என்று கண்டுகொண்டதில் அவருக்கு அவ்வளவு சந்தோஷம். தேநீர் வாங்கிக்கொடுத்தேன். அவர் அறியாமல் இரண்டு காரியம் செய்தேன். ஒன்று, கருவுற்ற பெட்டைகளைக் கடலிலேயே அறுத்துக் குட்டியை எறிந்துவிட்டு ஈரலை மட்டும் கொண்டுவரச் சொன்னேன். ஆட்கள் காரணம் கேட்கவில்லை, ஐஸ் மிச்சமாகும் என்று நினைத்துக்கொண்டார்கள். இரண்டு, எங்கே பிடித்தது, என்ன ஆழம் என்று அவர் கேட்ட ஒவ்வொரு முறையும் வேறு இடத்தைச் சொன்னேன். லட்சத்தீவுப் பக்கத்து மேடு, என் வாயில் கொல்லத்துக்கு மேற்கே என்று ஆயிற்று. அவர் குனிந்து எழுதிக்கொண்டார். அழகான கையெழுத்து.

இந்தப் பேரினத்தில் எது எந்த இனம் என்று பிரித்தறிவது நிபுணர்களுக்கே தலைவலி. ஒரே பெயரின் கீழ் உலகம் முழுக்க வெவ்வேறு மீன்களை எழுதிவைத்து, 2013-இல்தான் முதன்மை இனத்தின் இலக்கணத்தைப் புதிதாக வரையறுத்தார்கள். அதிகமாகப் பிடிபடுவது எந்த இனம், எந்தச் சரிவில், எந்தப் பருவத்தில் என்று தெரிந்தால்தான் எங்கே கைவைக்காமல் இருக்கவேண்டும் என்று சொல்லமுடியும். முழுத்தடை போடாமல் குறிப்பிட்ட மேட்டை மட்டும் மூடச் சொல்ல முடிந்திருக்கும். 2001-இல் மேடையில் நான் கேட்டது இதைத்தானே? எங்களைக் கேளுங்கள், எங்களுக்குத் தெரியும் என்று. கேட்க ஒருவர் வந்தார். வந்தவரிடம் பொய் சொல்லி அனுப்பினேன். இருக்கிற எல்லாவற்றிலும் எனக்கு அதிகமாக வலிப்பது இதுதான். மாமாவிடம் சொன்ன பொய்யைவிடவும் இது.

ஆண்டுகள் போகப்போக ஈரல் சிறுத்தது. ஹைட்ரோமீட்டர் அதைக் காட்டாது. எண்ணெயின் தரம் கடைசிவரை ஒன்றுபோல்தான் இருந்தது. என் நோட்டுப் புத்தகம் காட்டியது. படகு, தேதி, ஈரல் எண்ணிக்கை, எடை, எண்ணெய் அளவு என்று ஒழுங்காக எழுதும் பழக்கம் எனக்கு. முதல் நோட்டில் ஒரு பேரலுக்கு எத்தனை சுறா என்றும் பின்னால் வந்த நோட்டில் எத்தனை என்றும் பார்த்தாலே போதும், கல்லூரிப் படிப்பு வேண்டாம். பெரிய பெட்டைகள் முதலில் மறைந்தன. பிறகு வந்தவை முதிராதவை. ஒரு முறைகூட ஈனாதவை. படகுகள் இன்னும் தூரம் போயின, டீசல் கூடியது, பயணம் நீண்டது. மாமா ஒரு கட்டத்தில் சூரைக்கு மாறிவிட்டார். எதுவும் சொல்லவில்லை. என்னைப் பார்த்த பார்வையில் ஏதாவது இருந்ததா என்று நான் தேடினேன், கண்டுபிடிக்கமுடியவில்லை. அவர் இறக்கும்வரை என்னிடம் அன்பாகவே இருந்தார். அதை ஒரு தண்டனையாக எடுத்துக்கொள்ளலாம் என்று நினைத்ததுண்டு. ஆனால் அப்படி எடுத்துக்கொள்வதுகூட அவர் அன்பை என் வசதிக்கு வளைப்பதுதான்.

வியாபாரத்தை நான் மூடியது மனசாட்சியால் என்று ஊரில் சிலர் சொல்கிறார்கள். மறுத்ததில்லை, இங்கே மறுக்கிறேன். கட்டுப்படியாகவில்லை, மூடினேன். மூடிய நாளில் அந்த நோட்டுப் புத்தகங்களைப் பழைய பேப்பர்காரரிடம் எடைக்குப் போட்டேன். கேரளக் கரையில் ஒரு சுறா எப்படித் தேய்ந்தது என்பதற்கு அப்படி நாள்வாரியாக எழுதிய கணக்கு வேறு யாரிடமாவது இருந்ததா, எனக்குச் சந்தேகம். எரிக்கவில்லை, ஒளிக்கவில்லை. தராசில் வைத்தேன். காசு வாங்கி எண்ணிப் பையில் போட்டேன். அந்த ஆய்வு மாணவரின் தொலைபேசி எண் அப்போது என் கைபேசியில் இருந்தது.

2024-இல் சயன்ஸ் இதழில் ஆழ்கடல் சுறா, திருக்கைகளைப் பற்றி ஓர் ஆய்வு வந்தது. அந்த இனங்களில் ஏழில் ஒன்று அழிவின் விளிம்பை நோக்கி நிற்பதாகவும், அப்படி நிற்பவற்றில் மூன்றில் இரண்டு பங்கு ஈரல் எண்ணெய்க்காகப் பிடிக்கப்பட்டவை என்றும் அதில் கண்டிருந்தது. படித்ததும் எழுதவேண்டும் என்று உட்கார்ந்தேன். பாவசங்கீர்த்தனத்தில் இதை நான் என்றும் சொன்னதில்லை. கோபம், குடி, வீட்டில் போட்ட சண்டை எல்லாம் சொல்லியிருக்கிறேன். இதைச் சொன்னால் பங்குச்சாமி எந்தக் கட்டளைக்குக் கீழே வைப்பது என்று குழம்புவார் என்று எனக்கு நானே ஒரு வேடிக்கை வைத்துக்கொண்டேன். பொய்சாட்சி சொல்லாதே என்ற கட்டளை அங்கேயே இருக்கிறது, குழம்ப ஒன்றுமில்லை.

மாமாவின் மகன் இப்போது படகு வைத்திருக்கிறான். சூரையும் நெய்மீனும் பிடிக்கிறான். டீசல் விலையில் நொந்துபோய் போன மாதம் வீட்டுக்கு வந்தான். அவன் அப்பாவின் பழைய ஜிபிஎஸ் எண்கள் என்னிடம் இருக்கும் என்று அவனுக்கு யாரோ சொல்லியிருக்கிறார்கள். "அப்பா எண்ணெய்ச் சுறாவுக்குப் போன மேடு எது, உங்களுக்குத் தெரியும்லா? இத்தன வருஷம் சும்மா கெடந்திருக்கு, பெருகியிருக்கும்லா?"

பெருகியிருக்காது. அன்று விட்டுவைத்த குட்டிகள் ஏதாவது இருந்தால் அவை இப்போதுதான் முதல் ஈற்றுக்கு வந்திருக்கும். இதை அவனிடம் சொல்லியிருக்கவேண்டும். சொன்னால், இது உங்களுக்கு எப்போதிலிருந்து தெரியும் என்று கேட்பான். அவன் அப்பாவைப்போல் எண்ணத் தெரிந்தவன்.

எண்கள் தொலைந்துவிட்டன என்றேன். தொலையவில்லை, அலமாரியில் இருக்கின்றன. சுறாவைக் காப்பாற்றத்தான் பொய் சொன்னேன் என்று அன்று இரவு நினைத்துக்கொண்டு தூங்கினேன். காலையில் அந்தச் சமாதானமும் நிற்கவில்லை. இப்போது இதை எழுதி, அவனோ அவன் படகில் போகிறவர்களோ வாங்கிப் படிக்காத ஒரு பத்திரிகைக்கு அனுப்புகிறேன்.